ஊவாத் தோட்டங்களின் எதிர்காலத்தைக் கணித்தவர்கள்

பின்தங்கிய ஒரு பிரதேசத்தின் மக்கள் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து எவ்வளவு காலம் உயிர்வாழ்வார்கள், எதுவரை படித்திருப்பார்கள், வயிறார உண்பார்களா என்பதை முன்கூட்டிச் சொல்லும் முயற்சிக்கு, ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 1990இல் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணை, அதாவது ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணாகத் திரட்டிக் காட்டும் அளவுகோலை, வெளியிட்ட பின்னரே உலகெங்கும் ஒரு பொதுமொழி கிடைத்தது. ஆனால் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பிருந்தே அரசாங்கங்களும் தோட்டத்துரைமாரும் அத்தகைய கணக்குகளைத் தமக்குத் தெரிந்த வழியில் போட்டுவந்திருக்கிறார்கள். பதுளையைத் தலைநகராகக் கொண்ட இலங்கையின் ஊவா மாகாணம் அக்கணக்குகளின் வரலாற்றைப் பயில்வதற்கு ஏற்ற இடம். பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளை மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தபோதும், தொழிலாளர் குடியுரிமை இழந்தபோதும், தோட்டங்கள் அரசுடைமையாகிப் பின் கம்பனிகளிடம் திரும்பியபோதும் யாரோ ஒருவர் அடுத்த பதினைந்து ஆண்டுகளை எழுதிவைத்திருந்தார். அக்கணிப்புகள் தவறிய விதத்தில் ஓர் ஒழுங்கு தெரிகிறது: கூட்டல் கழித்தலில் நேர்ந்த பிசகை விட, எதை மாறாதது என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதில் நேர்ந்த பிசகே பெரிது.

ஊவா தனி மாகாணமானது 1886இல்தான். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், 1869 மே மாதத்தில், மடுல்சீமையில் ஒரு கோப்பித் தோட்டத்தின் சில செடிகளில் இலையின் அடிப்புறம் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பது கவனிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற பூஞ்சையியலாளர் அதே ஆண்டில் அந்தத் துரு நோயின் பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். நோய் கண்ட இடமும் பெயரும் தெரிந்திருந்தும் கோப்பிக் காணி சுருங்கவில்லை, விரிந்தது. ஏனெனில் உலகச் சந்தையில் கோப்பி விலை 1870களில் உயர்ந்துகொண்டே போனதால், ஏக்கருக்கு விளைச்சல் குறைந்த நட்டத்தை விலை மூடிமறைத்தது. விளைச்சலையும் விலையையும் தனித்தனியே பாராமல் வருமானம் என்ற ஒரே எண்ணைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்தது. மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி ஆராய்ந்து, ஒரே பயிரை மலைமலையாக இடைவெளியின்றி நட்டதே துரு பரவக் காரணம் என்று எழுதியபோது காலம் கடந்திருந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது.

கோப்பிக்குப் பின் வந்த தேயிலை ஒரு வேளாண் மாற்றமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. மக்கட்தொகையின் வரலாற்றில் அது அதைவிடப் பெரிய திருப்பம். கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டுமே ஆள் அதிகம் தேவைப்பட்டதால், கங்காணிகளின் கீழ் தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் வரும், பிள்ளைகள் பிறப்பார்கள். வந்துபோகும் கூலிகளென்று ஏடுகளில் எழுதப்பட்டவர்கள் ஒரு தலைமுறைக்குள் லயன்கள் எனப்படும் வரிசை வீடுகளில் பிறந்து லயன்களிலேயே இறக்கும் நிலைக்குடிகளானார்கள். லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். ரயில் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் எட்டியது. எத்தனை பெட்டித் தேயிலை இறங்கும் என்று கணக்கிட்டவர்கள், எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அதே அக்கறையோடு கணக்கிட்டதற்குச் சான்றில்லை.

எழுதப்பட்ட சட்டமும் ஒருவகை முன்கணிப்புத்தான். தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் துரைமார் மீது சுமத்திய 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளையே கருதியது. பதினோராவது வயதில் பிள்ளை காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போடும் என்பது அச்சட்டம் வெளிப்படையாகச் சொல்லாமலே செய்துவைத்த கணிப்பு, அது பலித்தும் போனது. தொழிலாளியை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடனோடு கைமாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் என்று ஒரு குடும்பத்தின் அரிசி, துணி, உப்புச் செலவைக் கணக்கிட்டு வகுத்தார்கள். உலகப் பொருளாதாரம் சரிந்ததும் சில ஆண்டுகளிலேயே அந்தக் கூலி குறைக்கப்பட்டது. 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான்.

இருபதாம் நூற்றாண்டில் இம்மக்களைப் பற்றிச் செய்யப்பட்ட மிகத் துணிச்சலான நீண்டகாலக் கணிப்பு ஒரு பொருளியலாளரின் மேசையில் பிறக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிய பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, 9,75,000 பேரை எடுத்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னொரு பேச்சுக்கு ஒதுக்கியது. இனிப் பிறக்கவிருந்த பிள்ளைகளையும் ஏழுக்கு நான்கு என்ற அதே விகிதத்தில் பிரிப்பது என்றும், எல்லாம் பதினைந்து ஆண்டுகளில் முடிந்துவிடும் என்றும் எழுதப்பட்டது. மக்கட்தொகையியலில் எதிர்காலக் கணக்கிடுதல் என்பது பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு ஆகிய மூன்று ஓட்டங்களையும் வயதுக்குழு வாரியாக முன்னோக்கி நகர்த்துவது. இவ்வுடன்படிக்கையோ மூன்றாவது ஓட்டத்தைக் கணிக்கவில்லை, கட்டளையிட்டது; போகிறவரின் விருப்பம் என்பதற்கு அதில் இடமே இருக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் முடிந்தபோது வேலை முடியவில்லை. 1984இல் அவர்களை இந்தியாவுக்கு ஏற்றிச்சென்ற தலைமன்னார்க் கப்பல் நின்றது. 1988இலும் 2003இலும் நாடாளுமன்றம் புதிய சட்டங்களை இயற்றி எஞ்சியவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை வழங்க வேண்டியதாயிற்று. இந்தியத் தமிழர் என்று 1971ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு பதிந்த சுமார் 11.7 இலட்சம் பேர் 1981இல் சுமார் 8.2 இலட்சமாகக் குறைந்திருந்தார்கள். அக்குறைவில் கப்பலேறியவர்களும் உண்டு, இலங்கைத் தமிழர் என்று தம்மைப் பதிந்துகொண்டவர்களும் உண்டு. 2012இல் பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இன்னமும் இந்தியத் தமிழர் என்றே பதிவாயினர்.

அந்தப் பதினைந்து ஆண்டுகளின் நடுவில்தான் 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சம் வந்தது. உலகச் சந்தையில் உணவும் எரிபொருளும் விலையேற, அரசாங்கம் பங்கீட்டு அரிசியைக் குறைக்க, காணித்துண்டு ஒன்றும் இல்லாத தோட்டக் குடும்பங்களுக்கு மரவள்ளி நடக்கூட வழியிருக்கவில்லை. தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. ஆனால் அதே பத்தாண்டில்தான் மொரிஸ் டி. மொரிஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் சிசு மரணம், ஓராண்டு வயதில் எதிர்பார்க்கப்படும் ஆயுள், எழுத்தறிவு ஆகிய மூன்றையும் கொண்டு வாழ்க்கைத் தரத்தின் பௌதிகச் சுட்டெண்ணை வகுத்து, அதில் நூற்றுக்கு 82 பெற்ற இலங்கையை ஏழை நாடுகளுக்கு எடுத்துக்காட்டாக முன்வைத்தார். இரண்டும் பொய்யல்ல. தேசிய சராசரிக்குள் தோட்டங்களின் பங்கு கரைந்துபோகுமளவு சிறியது, அவ்வளவே. சராசரியை நீட்டி எதிர்காலத்தைச் சொன்ன எவருக்கும் பசறையின் லயன்கள் தெரிய வாய்ப்பில்லை.

தோட்டத்துறையைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் மட்டும் கணிப்பு எளிதாகிவிடும் என்று எண்ணிவிடவும் கூடாது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆய்வுகளில் தோட்டத்துறையின் வறுமை வீதம், அதாவது அத்தியாவசியச் செலவுக்கென வகுத்த வறுமைக் கோட்டுக்குக் கீழே செலவிடும் மக்களின் விகிதம், 1990/91இல் 20.5 சதவீதமாக, நாட்டின் 26.1ஐ விடக் குறைவாக இருந்தது. 1995/96இல் அது 38.4ஆக எகிறியது, 2002இல் 30.0, 2006/07இல் 32.0. நாடு முழுவதும் அதே காலத்தில் 15.2க்கு இறங்கியிருந்தது. அதன்பின் 2009/10இல் தோட்ட வறுமை ஒரேயடியாக 11.4க்கு வீழ்ந்து, 2016இல் 8.8ஐத் தொட்டது. முதலிரு ஆய்வுகளை இணைத்து ஒருவர் நேர்கோடு இழுத்திருந்தால் 2006/07இல் வறுமை எழுபது சதவீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும். 2006/07ஐயும் 2009/10ஐயும் இணைத்து இழுத்திருந்தால் அடுத்த இரண்டாண்டுக்குள் தோட்டங்களில் ஏழையே இருந்திருக்கக் கூடாது. இத்தகைய தாவலுக்குக் காரணம், பெருந்தொகையான குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழுமாக நெருங்கி நிற்பது. 2009ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்கூலி மொத்தம் 405 ரூபாயானது போன்ற ஓர் உயர்வோ, கொழும்புக் கடையில் வேலைக்குப் போன மகன் அனுப்பும் பணமோ ஆயிரக்கணக்கானோரைக் கோட்டின் மறுபக்கம் தள்ளிவிடப் போதும். அவர்களின் வாழ்க்கை அதே அளவுக்கு மாறிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

இது எவ்வளவு உண்மை என்பதை அளவுகோலே காட்டிக்கொடுத்தது. 1990இன் வறுமையை 2015க்குள் பாதியாக்குவது ஐக்கிய நாடுகளின் புத்தாயிரமாண்டு அபிவிருத்தி இலக்குகளில் ஒன்று, 20.5இலிருந்து 8.8க்கு இறங்கிய தோட்டத்துறை அதை அட்டவணையில் எட்டியே விட்டது. ஆனால் 2002ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய கோட்டைக் கைவிட்டு, 2012/13இன் நுகர்வை அடிப்படையாகக் கொண்ட புதிய கோட்டை 2019ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பயன்படுத்தியபோது, தோட்டத்துறையில் வறியவர் 33.8 சதவீதம் என்றாயிற்று. கல்வி, சுகாதாரம், வீட்டு வசதி முதலியவற்றைச் சேர்த்து அளக்கும் பல்பரிமாண வறுமையோ அதே ஆண்டில் தோட்டங்களில் 51.3 சதவீதம், நாட்டில் 16.0 சதவீதம். மூன்றாண்டில் யாரும் திடீரென்று ஏழையாகிவிடவில்லை. உயர்த்தி வைத்த கோடு, அருகில் நின்றவர்களையெல்லாம் தன் கீழ் காட்டியது. இதற்கும் மேலாக, இருபது ஏக்கருக்கு மேற்பட்டதும் குறைந்தது பத்து வதிவிடத் தொழிலாளரைக் கொண்டதுமான காணியே புள்ளிவிபரத்தில் தோட்டம் என்பதால், படித்துத் தேறி பதுளை நகருக்குக் குடிபெயரும் குடும்பம் அக்கணத்திலேயே தோட்டத்துறையின் கணக்கிலிருந்து மறைகிறது. முன்னேறியவர்களைத் தொடர்ந்து வெளியேற்றிக்கொண்டே முன்னேற்றத்தை அளக்கும் அட்டவணை இது.

பிள்ளையின் உடல் மட்டும் இந்தக் குழப்பத்துக்கு அவ்வளவாக ஆட்படுவதில்லை. வயதுக்கேற்ற உயரமின்மை என்பது கருவிலிருந்து இரண்டு வயது வரை கிடைக்காமற்போன உணவின் சுவடு. பின்னர் ஊட்டினாலும் பெரும்பாலும் மீளாது. ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 2006/07இல் ஏறத்தாழ 40 சதவீதத்தினரும் 2016இல் ஏறத்தாழ 32 சதவீதத்தினரும் இவ்வாறு குன்றியிருந்தனர். நாட்டின் சராசரி இரு தடவையும் 17 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. 2016இல் அளக்கப்பட்ட பிள்ளைகள் 2045இல் முப்பது வயதை அடுத்து நிற்பார்கள்; அவர்களின் உயரம் பற்றிய கணிப்புக்கு எந்த நேர்கோடும் தேவையில்லை, அது அளந்து முடிந்த ஒன்று. நீண்டகால மனித அபிவிருத்தியைக் கணிக்க விரும்புவோர் வருமானத்தை விட்டு உயரத்திலிருந்து தொடங்குவது ஊவாவைப் பொறுத்தவரை பாதுகாப்பான வழி.

சரியாகச் சொல்லப்பட்ட கணிப்பு எப்படி வீணாகும் என்பதையும் இதே பதுளை மாவட்டம் காட்டியது. ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த லயன்கள் மண்சரிவு அபாயத்தில் உள்ளன, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை அந்த மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. எச்சரிக்கப்பட்டவர்கள் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு விடை அவர்களின் அலட்சியத்தில் இல்லை: வீடு தோட்டத்துக்குச் சொந்தம், அதைச் சுற்றிய நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம், வேறிடம் போகக் காணி வேண்டுமானால் நிர்வாகம் விடுவிக்க வேண்டும், அரசாங்கம் ஒப்ப வேண்டும். பெருந்தோட்டச் சமூகத்துக்கென 2006 முதல் 2015 வரை ஒரு பத்தாண்டுத் தேசிய செயற்றிட்டம் நடைமுறையில் இருந்த காலத்தின் உள்ளேயே இது நிகழ்ந்தது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் உறுதியும் என்ற கோரிக்கை அந்தச் சரிவின் பின்னரே வேகம் பெற்றது. மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகாரசபையை அமைக்கும் சட்டம் 2018இல் நிறைவேறியது. 2023 மார்ச்சில் பூணாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது சேதமுற்றவையும் லயன்களே.