ஒரு கணவாய், இரண்டு சோலைக்கிளிகள்

நீலகிரிச் சோலைக்காடுகளில் தரையோரமாகத் தத்தித் திரியும் ஒரு நீலப் பறவை உண்டு; வயிற்றோரம் செம்மண் நிறம். 1840களில் ஜெர்டன் என்ற ராணுவ மருத்துவர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பழனி மலையில் கிட்டத்தட்ட அதே சாயலில் இன்னொன்று. ஆனால் வயிறு வெள்ளை. 1868ல் பிளான்ஃபோர்டு அதற்குத் தனிப் பெயர் கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டில் இரண்டையும் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார்கள். வயிறு மட்டும்தானே வேற?

நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அது காற்று வரும் வாசல். குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத இந்தப் பறவைக்கோ அது கடல் மாதிரி. அதனால்தான் ஆய்வாளர்கள் இந்த உச்சிகளை 'வானத் தீவுகள்' என்கிறார்கள்.

எங்க தொழில் பாஷையில் சொன்னா இது ஒரு ஃபோர்க். ஒரே நிரலை இரண்டு டீம் எடுத்துக்கொண்டு போய், திரும்ப மெர்ஜ் பண்ணவே இல்லை என்று வையுங்கள். இரு பக்கமும் சின்னச் சின்ன மாற்றங்கள் சேரும். ஒரு கட்டத்தில் சேர்க்க நினைத்தாலும் சேராது. என்ன, இங்கே நிரல் எழுதுகிற ஆள் கிடையாது. மரபணுவில் தற்செயலாக மாற்றம் வரும். அதில் எது தங்கும் என்பதைப் பிழைப்பும் இணைத்தேர்வும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் முடிவு செய்யும்.

பெங்களூரு என்.சி.பி.எஸ். ஆய்வகத்தில் வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் குழு இந்த மரபணுக்களைப் படித்தது. 2010ல் வந்த முடிவு: கணவாயின் இருபுறமும் உள்ள பறவைகள் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. 2017ல் இவற்றுக்கென்றே 'ஷோலிகோலா' என்ற புதுப் பேரினம் உருவானது. இமயமலையின் 'ஷார்ட்விங்' பறவைகளோடு சேர்த்து வைத்திருந்த இவை, உண்மையில் ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய சொந்தம். ஆங்கிலத்திலேயே இப்போது 'ஷோலாகிளி' என்கிறார்கள். நம்ம சோலைக்கிளிதான், கிளி இனம் இல்லை, அவ்வளவே.

இங்கே ஒரு கேள்வி வரும். பிரிவுதான் புது இனங்களைத் தருகிறது என்றால், காட்டை நாம் துண்டு போட்டாலும் நல்லதுதானே? ஓசூரில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் இருக்க முடியாது. மேலகிரி யானைகள் சானமாவு காட்டுக்கு வர சாலைகளைக் கடக்கின்றன. சுற்றிலும் தொழிற்சாலை, லேஅவுட், ராகி வயல்.

வித்தியாசம் கணக்கில் இருக்கிறது. இனம் பிரிய நீண்ட காலம் வேண்டும். அந்தக் காலம் முழுக்க இரு பக்கமும் போதுமான எண்ணிக்கையில் உயிரோடு இருக்கவும் வேண்டும். சின்னத் துண்டில் மாட்டிய சிறு கூட்டம் சொந்தத்துக்குள்ளேயே இணைந்து, பன்மையை இழந்து, ஒரு நோயிலோ ஒரு வறட்சியிலோ மறைந்துபோகலாம். யானை ஒரு தலைமுறைக்கே இருபது வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நாம் ஒரு லேஅவுட் போட இரண்டு வருஷம் போதும்.

சோலைக்கிளியும் தப்பவில்லை. தேயிலைத் தோட்டங்களும் குடியிருப்புகளும் சோலையைத் துண்டாக்கிய இடங்களில் அதன் மரபணுவிலேயே பாதிப்பு தெரிவதாக ராபின் குழுவே 2015ல் காட்டியது.

கணவாய் இனங்களைப் பிரித்தது, அவசரப்படவில்லை. நம்ம ரோடுகள் பிரிப்பதை மட்டும்தான் செய்கின்றன. யானை கடக்கும் இடத்தில் ஒரு வழியை விட்டுவைப்பது, அந்த மெர்ஜ் நடக்க வாய்ப்பை விட்டுவைப்பதுதான்.