சொன்னவர் யார்?

ஒரு செய்தி காதில் விழுந்ததும் 'யார் சொன்னது?' என்று கேட்பது நமது கிராமத்து வழக்கம. இந்தச் சிறு கேள்வியைப் பெரும் கலையாக வளர்த்தவர்கள் ஹதீஸ்கலை அறிஞர்கள்.

நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் தோன்றிய அரசியற் பிளவுகளோடு புனைந்துரைக்கப்பட்ட ஹதீஸ்களும் பெருகின. எனவே, ஹதீஸைச் சொல்பவர் அதனை யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்ற ஸனதையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்றாயிற்று.

அடுத்த பிரச்சினை, குவிந்தவற்றை ஒழுங்குபடுத்துவது. இமாம் அஹ்மத் (மறைவு கி.பி. 855) தமது முஸ்னதை ஸஹாபாக்களின் பெயர்வாரியாகத் தொகுத்தார். ஆனால் அதில் ஸகாத் பற்றி மட்டும் தேடுபவர் முழு நூலையும் புரட்ட வேண்டும். இமாம் மாலிக் (795) முவத்தாவில் முன்னரே கையாண்ட பொருள்வாரி முறையை இமாம் புகாரி (870) விரிவாக்கினார். ஒரே ஹதீஸைத் தேவைக்கேற்பப் பல பாடங்களில் வைத்தார். இமாம் முஸ்லிமோ (875) ஒரு ஹதீஸின் பல அறிவிப்புகளையும் ஓரிடத்தில் அடுக்கினார். இமாம் திர்மிதி (892) ஹதீஸின் தரத்தையும், அதுபற்றிய அறிஞர்களின் கருத்து வேறுபாட்டையும் கூடவே எழுதிவைத்தார்.

அறிவிப்பாளர்களை எடைபோட்டதில் இரத்த பாசமும் குறுக்கிடவில்லை. இமாம் புகாரியின் ஆசிரியரான அலீ இப்னுல் மதீனீ, தம் சொந்தத் தந்தையையே பலவீனமானவர் என்றார். கொள்கைப் பகையும் குறுக்கிடவில்லை. இம்ரான் இப்னு ஹித்தான் ஒரு காரிஜிய்யா. அலீ (ரழி) அவர்களைக் கொன்றவனைப் புகழ்ந்து கவிதை பாடியவர். அவரது அறிவிப்பும் ஸஹீஹுல் புகாரியில் உண்டு. கருத்தில் வழி தவறியவர் பேச்சில் பொய்யராக இருக்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அந்த ஸஹீஹும் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. இமாம் தாரகுத்னீ (995) புகாரி, முஸ்லிம் இரண்டிலும் சில அறிவிப்புகளை விமர்சித்துத் தனி நூலே எழுதினார். அவரை எவரும் ஊர்விலக்குச் செய்யவில்லை. நான்கு நூற்றாண்டுகளுக்கும் பின்னர் வந்த இப்னு ஹஜர் (1449), அந்த விமர்சனங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பதில் எழுதினார்.

நம் ஊர்களிலோ ஒரு மஸ்அலாவில் கருத்து வேறுபட்டால் பள்ளிவாசலே இரண்டாகிறது. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பெயரில்லாத துண்டுப்பிரசுரம் கையில் திணிக்கப்படுகிறது. இமாம்களின் பெயரால் சண்டையிடும் நாம், எழுதியவர் பெயர் இல்லாத தாளைத் திருப்பிக் கொடுக்கவாவது அவர்களிடம் கற்றுக்கொள்ளக் கூடாதா?