மீட்டர் பெட்டிக்குள் ஒரு ஒற்றன்

ஊரில் எங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் ஒரு வெள்ளை அட்டை சொருகியிருக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ஈ.பி.க்காரர் வருவார். கறுப்பு மீட்டரில் சுற்றும் தட்டை ஒரு பார்வை பார்ப்பார், அட்டையில் ஒரு எண்ணைக் கிறுக்குவார், "ரீடிங் எடுத்தாச்சும்மா" என்று குரல் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். வருஷத்துக்கு ஆறே ஆறு எண்கள். அதை வைத்து எங்களைப் பற்றி என்ன பெரிசாச் சொல்லிவிட முடியும்? கோடை லீவுக்குச் சித்தி குடும்பம் வந்து தங்கியது வேண்டுமானால் தெரியலாம். அவ்வளவுதான்.

அதே மீட்டர் கால் மணிக்கு ஒருமுறை எண் எழுதினால்? ஒரு நாளைக்கு 96. வருஷத்துக்கு 35,040. இப்போது கதையே வேறு.

இந்தக் கணக்கைப் போட வைத்தது என் ஆபீஸ்தான். பொட்டி தட்டுவது நம்ம பிழைப்பு. சில மாதம் முன்பு, ஒரு குடியிருப்பின் மின்சார சென்சார்களிலிருந்து எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை தகவல் எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. "ஒரு நிமிஷத்துக்கு ஒருதடவை எடுத்து வெச்சுக்குவோம், பின்னாடி எதுக்காவது உதவும்" என்றேன் நான். எல்லாரும் தலையாட்டினார்கள். அன்றைக்கு ராத்திரி அந்த 'எதுக்காவது' கொஞ்சம் உறுத்தியது. தேடிப் படிக்க ஆரம்பித்ததில் கிடைத்த கதை இது.

1980களின் தொடக்கம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. அங்கே ஜார்ஜ் ஹார்ட், எட் கெர்ன், ஃப்ரெட் ஷ்வெப்பி என்று மூன்று பேர். வீட்டுக்குள் காலே வைக்காமல், வெளியே வரும் மெயின் ஒயரில் ஓடும் மின்சாரத்தை மட்டும் அளந்து, உள்ளே எந்தச் சாதனம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் வழியை உருவாக்கினார்கள். விஷயம் ரொம்ப எளிது. மின்சாரம் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். இஸ்திரிப் பெட்டி போட்டால் ஒரு பெரிய படி. ஃப்ரிட்ஜ் தானாக ஓடி நின்றால் ஒரு சின்னப் படி, அதுவும் மணி அடித்த மாதிரி திரும்பத் திரும்ப. மோட்டார் உள்ள சாதனமா, வெறும் சூடாகும் சாதனமா என்பதுகூட 'ரியாக்டிவ் பவர்' அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். காலேஜில் பரீட்சைக்காக மட்டும் மனப்பாடம் செய்த அதே ரியாக்டிவ் பவர்தான் மக்களே! :-)

எனக்குப் பிடித்தது அடுத்து நடந்தது. 1989-ல் அதே ஹார்ட், இந்த முறையை வைத்து வீடுகளை வேவு பார்க்க முடியும் என்று எச்சரித்து ஐ.இ.இ.இ. பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். ஸ்மார்ட் மீட்டர் என்ற பேச்சே பரவாத காலம். தான் செய்த கத்தி எங்கெல்லாம் வெட்டும் என்று செய்தவரே ஊருக்குச் சொன்னார். நானோ 'எதுக்காவது உதவும்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டது யார்? இருபது வருஷம் கழித்து, நெதர்லாந்து. 2008-ல் அந்த அரசு வீடுதோறும் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்க ஒரு மசோதா கொண்டுவந்தது. கரண்ட் அளவு கால் மணிக்கு ஒருமுறை, கேஸ் அளவு மணிக்கு ஒருமுறை பதிவாகும். மீட்டரை மறுத்தால் அது பொருளாதாரக் குற்றம். அபராதம் உண்டு, சிறையும் உண்டு! கீழவை சரி என்றுவிட்டது. அப்போது நுகர்வோர் சங்கம் கேட்டுக்கொண்டபடி டில்பர்க் பல்கலைக்கழக சட்ட ஆய்வாளர்கள் மசோதாவை அலசினார்கள். ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 8-ஆவது பிரிவு, அதாவது தனி வாழ்க்கைக்கும் வீட்டுக்கும் உள்ள மரியாதை, இதனால் மீறப்படுகிறது என்றார்கள். 2009 ஏப்ரலில் மேலவை முட்டுக்கட்டை போட்டது. 2011-ல் திருத்திய சட்டம் வந்தபோது மீட்டரை வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருந்தது. மாட்டிக்கொண்டு, தகவல் அனுப்புவதை மட்டும் நிறுத்தச் சொல்லும் வழியும் இருந்தது.

அந்த நாட்டுக்கு ஒரு பழைய காயம் உண்டு. இரண்டாம் உலகப்போரில், ஒழுங்காகப் பராமரித்த மக்கள் பதிவேடுகளே யூதர்களைத் தேடிப் பிடிக்க நாஜிகளுக்கு உதவின. 1943 மார்ச்சில் எதிர்ப்புக் குழுவினர் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குத் தீ வைத்ததே அதனால்தான். பதிவேட்டை உருவாக்கியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. 'எதற்காவது உதவும்' என்று வைத்த தகவல் யார் கைக்குப் போகும் என்பதை வைத்தவன் முடிவு செய்வதில்லை. மீட்டர் மசோதா நின்றதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் படிக்கும்போது நினைவுக்கு வராமல் இல்லை.

இதெல்லாம் வெறும் பயமா? 2011-ல் ஜெர்மனியின் ம்யூன்ஸ்டர் நகர ஆய்வாளர்கள், ரெண்டு விநாடிக்கு ஒருமுறை அளக்கும் ஒரு மீட்டரை எடுத்துச் சோதித்தார்கள். டி.வி. திரையின் வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்தே, ஓடுவது எந்தப் படம் என்று அடையாளம் காண முடிந்தது. கால் மணி மீட்டரில் இது நடக்காது. அதாவது ஆபத்து மீட்டரில் மட்டும் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. 2018-ல் அமெரிக்காவின் நேப்பர்வில் நகர வழக்கிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது: கால் மணிக்கு ஒருமுறை எடுப்பதும் 'சோதனை'தான், ஆனாலும் நியாயமான சோதனை; இடைவெளி குறைந்தாலோ, தகவல் போலீஸ் கைக்குச் சுலபமாகப் போனாலோ தீர்ப்பு மாறலாம்.

நிற்க. பாதுகாப்புக் கதையும் உண்டு. கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்தில் மீட்டர்கள் தீப்பிடித்ததால், 2014-ல் மாட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்களைக் கழற்றச் சொல்லி அரசே உத்தரவிட்டது. தூரத்திலிருந்தே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச் யார் கையில் இருக்கும் என்று கேம்பிரிட்ஜின் ராஸ் ஆண்டர்சன் 2010-லேயே கேட்டார். லட்சம் வீட்டு சுவிட்ச் ஒரே ஆள் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தனையும் படித்துவிட்டு நான் ஸ்மார்ட் மீட்டருக்கு எதிரி ஆகிவிடவில்லை. மின்திருட்டைப் பிடிக்க, சோலார் கணக்குப் பார்க்க, எங்கே கரண்ட் போச்சு என்று உடனே தெரிய அது உதவும். நெதர்லாந்திலேயே, மறுக்கும் உரிமை கிடைத்த பிறகு பெரும்பாலான வீடுகள் மீட்டரை மாட்டிக்கொண்டன. கேட்டு மாட்டுவதற்கும் மிரட்டி மாட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

அடுத்த வாரம் ஆபீஸில் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தேன். "பில்லு போட எத்தனை தடவை வேணும்?" என்று கேட்டேன். ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்றார்கள். "அப்போ ஒண்ணே எடுப்போம்" என்றேன். "பின்னாடி வேணும்னா?" என்று ஒருத்தர் கேட்டார். "பின்னாடி வேணும்னா, அந்த வீட்டுக்காரங்ககிட்டப் போய் ஒரு வார்த்தை கேப்போம்."

ஈ.பி.க்காரரும் அதைத்தானே செய்தார், குரல் கொடுத்துவிட்டுப் போனாரே.