தறியிலே கனிந்த வாழ்வு

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் பெயரை அறியாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. அவர் 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலைப் படியாதாரும் அதன் பெயரைக் கேட்டிருப்பர். ஆயின், அந்நூலின் பொருட்டு அவருடன் மலைநாட்டு ஊர்களுக்குச் சென்று, கம்மியர் கூடங்களையும் நெய்வோர் குடிசைகளையும் புகைப்படம் பிடித்த ஒரு பெண்மணியை நம்மிற் பலர் அறியோம். எத்தெல் மேரி பார்ட்ரிட்ஜ் என்பது அவர் பிறந்த வீட்டுப் பெயர். கலாயோகியின் முதல் மனைவியாய் இந்நாட்டுக்கு வந்த அவர், பிற்காலத்தில் எத்தெல் மெயிரே என்னும் பெயரோடு இங்கிலாந்துக் கைத்தறிக்குப் புத்துயிர் அளித்தோருள் முதல்வரிசையில் வைத்து எண்ணப்பட்டார். அவருடைய வாழ்க்கையையே இன்றைய பேச்சுக்குப் பொருளாகக் கொள்கின்றேன்.

எத்தெல் 1872 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் மேற்கிலுள்ள டெவன் மாகாணத்துப் பார்ன்ஸ்டபிள் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மருந்து வணிகர். எத்தெலின் கை முதலிற் பழகியது தறியில் அன்று, பியானோவில். 1899 ஆம் ஆண்டிலே இலண்டன் அரச இசைக் கழகத்திற் பியானோ கற்பிப்பதற்குரிய தகுதிச் சான்று பெற்றார். பின்னர்ச் செல்வர் இல்லங்களிற் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியையாய் அமர்ந்தார். அக்காலத்திற் படித்த நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்குத் திறந்திருந்த வாயில்கள் மிகச் சில. இசையாசிரியை என்பது அவற்றுள் ஒன்று. விரல்களுக்கு ஒழுங்கும், செவிக்கு நுண்மையும், ஒன்றையே நூறு முறை திரும்பச் செய்தாலும் சலியாத பொறுமையும் அப்பயிற்சி தருவது என்பதை, வீணையேனும் வயலினேனும் முறையாகக் கற்றவர் எவரும் அறிவர்.

1902 ஆம் ஆண்டில் அவர் ஆனந்த குமாரசுவாமியை மணந்தார். கலாயோகி அப்போது கலைஞரும் அல்லர், யோகியும் அல்லர். நிலவியலும் தாவரவியலும் கற்ற இருபத்துநான்கு வயது இளைஞர். இலங்கைச் சட்டசபையில் அங்கம் வகித்த சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் கென்ற் மாகாணத்து ஆங்கிலப் பெண்மணி ஒருவருக்கும் மகனாய் 1877 இற் கொழும்பிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தவர். 1903 ஆம் ஆண்டு முதல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராய்ப் பணிபுரிந்தார். தோரியனைட் என்னும் கனிப்பொருள் உலகுக்கு அறிமுகமானது அக்காலத்தில் அவர் செய்த ஆராய்ச்சியின் பயனாகவே. கல்லைத் தேடி ஊரூராய் நடந்தவரின் கண்களிலே கல்லினும் அரிய பொருள் ஒன்று தென்பட்டது. பித்தளை வார்ப்போர், அரக்கு வேலை செய்வோர், தந்தம் செதுக்குவோர், பாய் நெய்வோர் ஆகியோரின் கைகளில் எஞ்சியிருந்த பழங்கலையே அது. கணவருடன் எத்தெலும் அதனைக் கண்டார்.

அவர்கள் கண்ட காட்சியை விளங்கிக்கொள்வதற்குச் சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். கண்டி அரசர் காலத்திலே ‘பட்டல்ஹத்தர’ எனப்பட்ட நான்கு அரண்மனைப் பட்டறைகள் இருந்தன. கம்மியர் அரசனுக்குச் செய்யும் பணிக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தனர். வயிற்றுக்கு வயல் இருந்தமையால் வேலையை அவசரப்படுத்தவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. சித்திரம் கற்கத் தொடங்கும் சிறுவன் முதலில் இரட்டை வளைவு ஒன்றையே கை தானாகப் போகும்வரை எழுதிப் பழகுவான். அதன் பின்னரே கொடியும் மலரும் அன்னமும். 1815 இற் கண்டியரசு வீழ்ந்தது. அரண்மனை இல்லாதொழியவே, அரண்மனைப் பட்டறைக்கும் வேலை இல்லாதுபோயிற்று. 1832 இல் இராசகாரிய முறை நீக்கப்பட்டமை, கட்டாய உழைப்பினின்றும் மக்களை விடுவித்த நற்செயலே எனினும், கம்மியனைப் பழைய ஏற்பாட்டினின்றும் பிரித்துச் சந்தையின் நடுவே தனியனாய் நிறுத்திற்று. அங்கே மஞ்செஸ்டர்த் துணியும் பேர்மிங்காம் உலோகச் சாமானும் மலிந்த விலைக்கு வந்து குவிந்தன.

இந்நிலையைக் கண்ட குமாரசுவாமி 1905 இற் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவிப்பதிலும் முன்னின்றார். எத்தெலோ படம்பிடித்தும் குறிப்பெழுதியும், பழைய துணிகளையும் தையல் வேலைகளையும் ஆராய்ந்தும் அம்முயற்சியிற் பங்குகொண்டார். தும்பறைப் பகுதியில் மரல் போன்ற செடிகளின் நாரினாற் பாய் நெய்வோர், செந்நிறத்துக்குப் பதங்கம் என்னும் சப்பங்கிக் கட்டையையும், மஞ்சளுக்கு மரமஞ்சளையும், கருமைக்குக் கடுக்காயையும் கொள்வது வழக்கம். காட்டிலும் வேலியோரத்திலும் கிடைப்பனவே அவர்களுடைய வண்ணப்பெட்டி.

1907 இல் இருவரும் இங்கிலாந்துக்கு மீண்டனர். கொற்ஸ்வோல்ட் மலைப் பகுதியிலுள்ள புரோட் காம்டன் என்னும் சிற்றூரிலே, நோர்மன் சிற்றாலயம் எனப்பட்ட பழைய கட்டடமொன்று அவர்களுக்கு இல்லமாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அதனைப் புதுப்பித்துக் கொடுத்த சி. ஆர். ஆஷ்பி, 1888 இற் கிழக்கு இலண்டனிலே கைவினைஞர் சங்கம் ஒன்றை நிறுவி, 1902 இல் அதனை அயலூராகிய சிப்பிங் காம்டனுக்குக் கொண்டுவந்தவர். தொழிலாளரும் குடும்பத்தினருமாய் ஏறத்தாழ நூற்றைம்பது பேர் அவருடன் வந்தனர். வெள்ளிவேலை, தச்சுவேலை, நூற்கட்டு, அச்சு ஆகியன அங்கே நடைபெற்றன. மாலையிற் பாட்டும் வாத்திய இசையும் நாடகமும் தோட்டவேலையும் நடந்தன. செய்யும் பொருள் நன்றாயிருத்தற்குச் செய்பவனுடைய வாழ்வு நன்றாயிருத்தல் வேண்டும் என்பது ஆஷ்பியின் கொள்கை. சங்கத்துக்கென்றே ஒரு பாட்டுத் தொகுதியும் அவர் அச்சிட்டார். எத்தெலின் சகோதரரான நகைவினைஞரும் இச்சூழலிற் பணிபுரிந்தவரே.

குமாரசுவாமியின் நூல் இவ்விடத்திலேயே அச்சேறியது. வில்லியம் மொரிஸ் சோசரின் நூலைப் பதிப்பித்த அதே கையச்சுப் பொறியில், 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை பதினைந்து மாதங்களாக, 425 பிரதிகள் அச்சிடப்பட்டன. இயந்திரத்தின் வேகத்தினால் நலிந்த கலையைப் பற்றிய நூலை வேகமாக அடித்துத் தள்ளுதல் தகாது என அவர் கருதினார்போலும். ஆயின், அந்நூல் நிறைவெய்திய அவ்வாண்டிலேயே ஆஷ்பியின் சங்கம் பொருள் முட்டுப்பாட்டாற் கலைந்தது. அழகும் நட்பும் இருந்தன, வருவாய் இருக்கவில்லை. கைத்தொழிலைப் புகழ்வோர் எல்லாரும் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி இது.

எத்தெலின் வாழ்க்கையிலே திருப்பம் நிகழ்ந்ததும் இக்காலத்திலேயே. கம்மியரைப் பற்றி எழுதப்பட்ட நூலுக்குப் படம் உதவியவர், பிறருடைய கைவேலையைப் பார்த்துக் கொண்டிருந்தது போதும் என்று எண்ணினார்போலும், தாமே தறியில் அமர்ந்தார். நாற்பதை நெருங்கும் வயதில் நெசவுத் தொழிலுக்கு மாணவியானார். நூற்கவும் சாயமிடவும் பழகினார். மிதியிலே கால், நாடாவிலே கை, பாவிலே கண் என மூன்றும் ஒரே தாளத்தில் இசைதல் வேண்டிய தொழில் நெசவு. ஒரு காலத்தில் இரு கையாலும் இருவேறு இசையோட்டங்களை வாசித்துப் பழகியவருக்கு அத்தாளம் அந்நியமாய் இருந்திராது என்று நினைக்கின்றேன்.

இதற்கிடையில் அவருடைய இல்லறம் முறிந்தது. குமாரசுவாமி, ரதன்தேவி என்னும் பெயரில் வட இந்திய இசையைக் கற்றுப் பாடிய ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். 1917 இல் அமெரிக்கா சென்று பொஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையில் அமர்ந்தார். 1947 இல் அந்நாட்டிலேயே மறைந்தார். அவருடைய பாதை ஏட்டுக்கும் தத்துவத்துக்கும் சென்றது. எத்தெலின் பாதை தறிக்குச் சென்றது. முறிவு அவரைத் துயருறுத்தியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் கற்கத் தொடங்கிய கைத்தொழிலைக் கைவிடவில்லை. 1913 இல் பிலிப் மெயிரே என்பாரை மணந்தார். 1916 இல் ‘தாவரச் சாயங்கள்’ பற்றிய நூலொன்றை வெளியிட்டார்.

அந்நூலின் பெருமையை உணர்தற்கு, அக்காலச் சாயத்தொழிலின் நிலையை அறிதல் வேண்டும். 1856 இற் பேர்க்கின் என்னும் இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாநிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1869 அளவில் மாடர் வேரின் செந்நிறப் பொருளைச் செயற்கையாய்ச் செய்யும் வழி பிறந்தது. 1897 இற் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. நாற்பது ஆண்டுகளுள் ஆயிரமாயிரம் ஆண்டு அறிவு பயனற்றதாய் எண்ணப்படலாயிற்று. நமக்கும் இக்கதையிற் பங்குண்டு. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலங்களிற் கிண்டியெடுத்த சாயவேர், துணிக்குச் செந்நிறம் ஊட்டுவது. ஒல்லாந்தர் காலத்தில் அரசுக்கு வருவாய் தந்த பொருள் அது. மாடர் வேரிலுள்ள அதே செந்நிறப் பொருளே சாயவேரிலும் உண்டு. இன்று நம் பிள்ளைகளிடம் சாயவேரைக் காட்டினால் அதனைப் புல்லென்றே கூறுவர்.

எத்தெல் தம் நூலிலே பழைய முறைகளைத் திரட்டித் தந்தார். கம்பளி நூலை முதலில் நன்கு கழுவி, படிகார நீரிலே காய்ச்சினால் அன்றிச் சாயம் பற்றாது. அதே வேரிற் படிகாரம் ஒரு நிறத்தையும், ஈயத்துக்கு உறவான வெள்ளீயத்தின் உப்பு வேறொரு நிறத்தையும், இரும்பு உப்பு இருண்ட மற்றொரு நிறத்தையும் தரும். அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் மஞ்சள் கலந்த பச்சையாயிருக்கும். காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும். இவற்றையெல்லாம் ஏட்டிற் படிக்கலாம். ஆயின், நீர் எவ்வளவு சூடாதல் வேண்டும், எப்போது நூலை எடுத்தல் வேண்டும் என்பவற்றை விரலும் கண்ணும் மூக்குமே கூறும். அதனாலேயே அவர் நூலெழுதியதோடு நில்லாது பட்டறையும் அமைத்தார்.

சசெக்ஸ் மாகாணத்து டிச்லிங் என்னும் சிற்றூரிலே ‘கொஸ்பல்ஸ்’ என்ற பெயருடன் அப்பட்டறை எழுந்தது. நூற்பும் சாயமும் நெசவும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. பல நாட்டு மாணாக்கர் அங்கே வந்து வேலைசெய்து கற்றனர். 1937 ஆம் ஆண்டில், தொழில்துறைக்கான அரச வடிவமைப்பாளர் என்னும் உயர்ந்த சிறப்பு அவருக்கு வழங்கப்பட்டது. அச்சிறப்பைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

எத்தெல் தாம் முதலிற் பற்றிய கொள்கையிலேயே உறைந்துபோகவில்லை என்பதும் கருதத்தக்கது. செயற்கைச் சாயத்தை வன்மையாய் மறுத்து எழுதியவர், பிற்காலத்திலே கைத்தறியாளர் ஆலையைப் பகைவராய் மட்டும் நோக்குதல் ஆகாது என்னும் கருத்துக்கு வந்தார். கைத்தறி புதிய நெசவைச் சோதித்துக் காணும் கூடம். அங்கே கண்டதை ஆலை பரப்பட்டும் என்பது 1939 இல் அவர் வெளியிட்ட ‘இன்றைய கைந்நெசவு’ என்னும் நூலின் போக்கு. அவரிடம் பயின்ற மரியான் ஸ்ட்ரோப், வேல்ஸ் நாட்டுக் கம்பளி ஆலைகளுக்கும், பின்னர் இலண்டன் போக்குவரத்து வண்டிகளின் இருக்கைகளுக்கும் துணி வடிவமைத்தார். எத்தெல் 1952 இல் தம் எண்பதாம் வயதில் டிச்லிங்கிலே காலமானார்.

நேயர்களே, ஒரே காட்சியைக் கண்ட இருவருள் ஒருவர் அதனை எழுதி வைத்தார். மற்றவர் கையாற் கற்றார். எழுதியவர் இன்றேல் நம் நாட்டுக் கம்மியரின் அறிவிற் பெரும்பகுதி சுவடின்றி மறைந்திருக்கும். ஆயின் எழுத்து ஒன்றே ஒரு தொழிலை வாழவைத்துவிடாது. கண்டிநாட்டுக் கைவினையைக் கண்டு கண்திறந்த பெண், கடலுக்கு அப்பால் ஒரு மாணவர் பரம்பரையையே உண்டாக்கினார். இங்கோ, அவருடைய புகைப்படங்களில் நிலைபெற்ற தொழில்களுட் பல, தொடர்வாரின்றி மெலிந்தன. 2021 ஆம் ஆண்டில் தும்பறைப் பாய்நெசவை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. மகிழ்ச்சிக்குரியதே, எனினும் பட்டியல் நெய்யாது, கையே நெய்யும்.

கலைவாழ்வு என்பது பெரும்பேறு பெற்றோர்க்கே உரியதென்றும், இளமையிற் தொடங்காதார்க்கு வாராதென்றும் நம்மவர் எண்ணுவதுண்டு. நாற்பதை அணுகிய வயதிலே, வாழ்வு சரிந்துகொண்டிருந்த காலத்திலே, முன்பின் அறியாத தொழிலுக்கு மாணவியாய் அமர்ந்தவரின் வரலாறு அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றது. நம் வீடுகளில் இன்னும் பனையோலையிற் பெட்டி இழைக்கும் மூதாட்டியர் உளர். அவர்களைப் படம்பிடித்துக் கொள்வது நன்று. அதனினும் நன்று, ஒரு நாள் மாலையிலே அவர்கள் அருகே பாயை விரித்து அமர்ந்து, ஓலையை எவ்வாறு வாருவது என்று கேட்பது.