அம்மாவின் காலண்டர் தாள்கள்

தலைவலி வந்துபோன மறுநாள், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அம்மா காரணம் எழுதி வைப்பாள். 'வெயில்.' 'ராத்திரி தூக்கமில்லை.' 'தலை காயாமல் கொண்டை போட்டது.' 'மல்லிகைப்பூ.' இந்தக் கடைசித் தாளுக்குப் பிறகு அவள் பூவே வைத்துக்கொள்ளவில்லை. பிஸ்கட் டப்பா நிறைய இப்படித் தாள்கள். நான் அதைத் திறந்தபோது எனக்கும் அந்த ஒற்றைத் தலைவலி வர ஆரம்பித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு தாளும் ஒரு குற்ற ஒப்புதல் மாதிரி இருந்துச்சு. தப்பு எப்பவும் அவளுடையதுதான்.

நோயாளியே குற்றவாளியாகும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன்.

இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் காலன் இதை 'ஹெமிக்ரேனியா', அதாவது பாதி மண்டை என்றார். அந்தச் சொல்தான் தேய்ந்து மைக்ரேன் ஆனது. வயிற்றிலிருந்து ஆவி தலைக்கு ஏறுகிறது என்பது அவர் விளக்கம். 'பித்தம் தலைக்கேறிடுச்சு' என்று நம் வீடுகளில் சொல்வதும் அதற்குப் பக்கத்துவீடுதான். 17ஆம் நூற்றாண்டில் ஆன் கான்வே என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி வாழ்நாள் முழுக்க இந்த வலியோடு கிடந்தார். ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி, மூளையை ஆராய்ந்த தாமஸ் வில்லிஸ் என்று பெரிய பெரிய மருத்துவர்கள் பார்த்தும் வலி தீரவில்லை.

1930களில் அமெரிக்க மருத்துவர் ஹரோல்ட் வுல்ஃப், இந்த வலி வருகிறவர்கள் எல்லாவற்றிலும் கச்சிதம் தேடுபவர்கள், விட்டுக்கொடுக்காதவர்கள் என்று ஒரு சுபாவத்தையே வரைந்தார். வயிற்றின் மேல் இருந்த பழி குணத்தின் மேல் ஏறியது. இத்தனைக்கும் வுல்ஃபுக்கே இந்தத் தலைவலி உண்டு!

மூளையைப் பார்த்தவர்கள் வேறு கதை சொன்னார்கள். 1941இல் கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர், வலிக்கு முன் தன் கண்ணில் மினுங்கி விரியும் கோணல்மாணல் கோடுகளை வரைந்து, அவை பரவும் வேகத்தைக் கணக்கிட்டார். பார்வைக்கான மூளைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நகர்கிறது என்றார். 1944இல் பிரேசில்காரர் அரிஸ்டிடெஸ் லியாவோ, வலிப்பை ஆராயப் போய், முயலின் மூளையில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஊர்ந்து பரவும் ஓர் அடக்க அலையைக் கண்டார். இரண்டும் ஒன்றுதான் என்று புரியப் பல வருடம் பிடித்தது.

என்னை உட்கார வைத்தது 2016இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு. ஒரே ஒரு நோயாளியின் மூளையை 30 நாள் தினமும் படம் பிடித்தார்கள். வலி வருவதற்கு முந்தைய நாளே ஹைப்போதலாமஸின் இயக்கம் மாறியிருந்தது. பசி, தாகம், தூக்கம் எல்லாவற்றையும் கவனிக்கும் இடம் அது. ஒருத்தரை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் வலிக்கு முன்பே கொட்டாவி, இனிப்பு ஆசை, வெளிச்சமும் வாசனையும் தாங்காமை வருவதைப் பலரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் சாக்லேட் தின்றதால் வலி வந்ததா, வலி ஏற்கெனவே கிளம்பிவிட்டதால் சாக்லேட் கேட்டதா? காரணம் என்று நாம் எழுதுவதில் சில, முதல் அறிகுறிகளாக இருக்கலாம்.

அதற்காக எல்லாமே பொய்யில்லை. பட்டினி, தூக்கக் கேடு, மாதவிடாயையொட்டி ஈஸ்ட்ரோஜன் இறங்குவது எல்லாம் பலருக்கு வலியைக் கிளப்பிவிடுகின்றன. ஆனால் எளிதில் கிளம்பும் அந்த மூளை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "பூவால வலி வந்திருக்காதும்மா. வலி வரப்போறதாலகூட அந்த வாசனை தாங்காம இருந்திருக்கலாம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அப்போ வெச்சுக்கலாமா?"

"நல்லா இருக்கிற ஒரு நாள்ல வெச்சுப் பாரும்மா."

இப்போதும் தாளில் எழுதுகிறாள். காரணம் அல்ல, முந்தைய நாள் உடம்பு எப்படி இருந்தது என்று.