கணவர் மீதான குடும்ப வன்முறை

மனைவியோ அவர் வீட்டாரோ கணவரை அடித்தல், மிரட்டல், ஓயாமல் இழிவுபடுத்தல், பிள்ளைகளிடமிருந்து பிரித்துவைத்தல் முதலியவை இதில் அடங்கும். ஹரியானா கிராமப்புறத்தில் மணமான ஆண்கள் 1,000 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், பாதிக்குச் சற்றே கூடுதலானோர் இதற்கு ஆளானதாகக் கூறினர். பெரும்பகுதி சொல்லாலும் அவமதிப்பாலும் நேர்ந்தது. உடல் தாக்குதலுக்கு ஆளானோர் 6 விழுக்காடு. ஒரு வட்டாரத்து ஆய்வை வைத்துப் பெண்கள் படும் கொடுமையைக் குறைத்துப் பேசுவது தவறு. அடிபட்டவர் ஆண் என்பதற்காகச் சிரிப்பதும் தவறுதான்.

2005ஆம் ஆண்டின் இந்தியக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவராகப் பெண் மட்டுமே மனுச் செய்யலாம். 2016இல் ஹிரல் ஹர்சோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் பெண்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வழிவிட்டது. கணவருக்கு மனுச் செய்யும் உரிமை அப்போதும் வரவில்லை. அதே 2005இல் இலங்கை இயற்றிய சட்டமோ பாதிக்கப்பட்டவர் யாராயினும் பாதுகாப்பு ஆணை கோர இடம் தருகிறது.

இந்தியாவில் கணவருக்கு எஞ்சுவது காயப்படுத்தல், மிரட்டல் ஆகியவற்றுக்கான பாரதிய நியாய சங்கிதையின் 115, 351ஆம் பிரிவுகள். அல்லது இந்து திருமணச் சட்டப்படி கொடுமையைக் காட்டி மணமுறிவு. நடந்த அடிக்குத் தண்டனை கேட்கலாம். அடுத்த அடியைத் தடுக்கும் ஆணையைக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் கேட்க முடியாது. பெரிய குறை இதுவே.

புதுச்சேரியின் மணப்பட்டு போன்ற பாகூர் கொம்யூன் சிற்றூர்களில் உறவும் அக்கம்பக்கமும் ஒன்றாகவே இருப்பதால், விஷயம் வெளியே தெரியுமுன் “பொறுத்துப் போப்பா” என்று பெரியவர்கள் சேர்த்துவைப்பது எளிது. அதற்கு ஒரு சட்ட விளைவும் உண்டு. தஸ்தானே வழக்கில் (1975) மனைவியின் கொடுமை மெய்ப்பட்டும், கணவர் பின்னர் சேர்ந்து வாழ்ந்ததை மன்னிப்பாகக் கொண்டு உச்ச நீதிமன்றம் சட்டப்படி பிரிந்து வாழ ஆணை தர மறுத்தது.

“பைக்கிலிருந்து விழுந்துட்டேன்” என்று மருத்துவரிடம் மறைப்பவருக்குப் பின்னாளில் சான்று கிடைக்காது. அரசு மருத்துவமனையில் உண்மையைச் சொல்லி ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்வது முதல் படி. மனநெருக்கடிக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணையோ ஜிப்மர் மனநலப் பிரிவையோ நாடலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உதவி பெண்களுக்கு வருமான வரம்பின்றிக் கிடைக்கும். ஆண்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் தவிர மற்றவர்கள் வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும்.