உச்சிப் பொழுதில் பிடிபட்ட மன்னன்

கிருஷ்ணகிரியிலிருந்து மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் என்று திருவண்ணாமலைக்கு இறங்குகிற சாலை இன்று லாரிகளுக்கும் ஆலைப் பேருந்துகளுக்கும் உரியது. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்கு ஆடு மாடு ஓட்டி வருகிறவர்களும், சந்தூரில் மாங்கன்று வாங்கிப் போகிறவர்களும், சிப்காட்டில் ஷிப்டு பார்க்கிறவர்களும் புழங்கும் வட்டாரம் இது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் ஹொய்சளர் ஆட்சியின் தெற்குப் பகுதி. ஓசூர்ப் பக்கத்துக் குந்தாணி அந்தத் தெற்குப் பகுதியின் தலைநகர். ஹொய்சள அரசின் கடைசிப் பெருமன்னன் மூன்றாம் வீரவல்லாளன் கொல்லப்பட்ட விதம் தென்னிந்திய வரலாற்றின் மிகக் கொடிய பக்கங்களில் ஒன்று. அவன் ஆண்ட மண்ணிலேயே அந்தக் கதை அதிகம் பேசப்படுவதில்லை.

1254இல் ஹொய்சள மன்னன் சோமேசுவரன் நாட்டைத் தன் இரு மகன்களுக்குப் பங்கு பிரித்தான். தலைநகர் துவாரசமுத்திரம் மூத்தவன் நரசிம்மனுக்கு. சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரும் தமிழ்ப்பகுதியும் இளையவன் இராமநாதனுக்கு. பாண்டியர் கை ஓங்கியதும் கண்ணனூரை விட்டு மேலேறிய இராமநாதன் குந்தாணியில் அமர்ந்தான். அண்ணன் தம்பி சண்டை அடுத்த தலைமுறை வரை ஓயவில்லை. நரசிம்மனின் மகன் வல்லாளன் 1292இல் பட்டமேறி, 1300ஐ ஒட்டிக் குந்தாணியையும் சேர்த்துக்கொண்டு, பிளந்து கிடந்த நாட்டை ஒன்றாக்கினான். கையோடு 1301இல் ஓர் ஆணை: கோயில்களுக்கும் மடங்களுக்கும் உரிய நிலங்கள் மேலிருந்த வரிகளை விட்டுக்கொடுத்தான். பெங்களூர், கோலார் பக்கத்துக் கோயில்களில் அது தமிழிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. கன்னட மன்னன் இந்தப் பகுதி மக்களோடு தமிழில் பேசியிருக்கிறான்.

அதன்பின் அவனுக்கு நிம்மதி இல்லை. 1311இல் டெல்லிப் படைத்தலைவன் மாலிக் காபூர் துவாரசமுத்திரத்தின் முன் வந்து நின்றான். 1327ஐ ஒட்டி டெல்லியின் துக்ளக் படை வந்தது. வல்லாளன் திருவண்ணாமலைக்குப் பெயர்ந்து அங்கிருந்து ஆண்டான். மேட்டுநிலத்துக்கும் அண்ணாமலைக்கும் இடையே ஆளும் படையும் போய்வர இயல்பான பாதை செங்கம் கணவாய்தான். மத்தூரும் ஊத்தங்கரையும் அதன் வாசலில் இருக்கின்றன.

மதுரையில் 1335 வாக்கில் டெல்லியிலிருந்து அறுத்துக்கொண்டு தனி சுல்தானியம் தொடங்கியது. அந்த அரியணை ஏறியவர்களுக்கு ஆயுசு கம்மி. முதல் சுல்தான் அஹ்சன் ஷா கொல்லப்பட்டார். அடுத்தவர் உதௌஜி, போரில் வென்ற கையோடு தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தைக் கழற்றியபோது எங்கிருந்தோ வந்த அம்பு தைத்து இறந்தார். மூன்றாமவர் குத்புத்தீன் 40 நாளில் தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். நான்காவதாக வந்தவர் கியாசுத்தீன் தாம்கானி.

எபிரேய வேதத்தின் இராஜாக்கள் புத்தகங்களைப் படித்தவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. வடக்கு இஸ்ரவேலின் அரசர்களில் 7 பேர் அரியணைக்கு ஆசைப்பட்டவர்கள் கையால் மடிந்தவர்கள். திர்சாவில் குடித்து வெறித்திருந்த ஏலாவைக் கொன்ற தேர்ப்படைத் தலைவன் சிம்ரி 7 நாள்தான் ஆண்டான்.

மதுரை சுல்தானின் கையிலிருந்த கண்ணனூர் தன் பாட்டன் சோமேசுவரன் கட்டியாண்ட ஊர் என்பது வல்லாளனுக்கு மறக்கவில்லை. எண்பது வயதில் அதை மீட்கப் புறப்பட்டு, மதுரைப் படையைத் தோற்கடித்துக் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டான். உள்ளே தானியம் தீரும் நிலை. சரணடைந்தால் உயிருக்கு உத்தரவாதம் என்றான் வல்லாளன். சுல்தானிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். 14 நாள் தவணை கொடுத்தான். அந்தத் தவணைதான் அவனுக்கு எமனாக வந்தது.

கோட்டையிலிருந்து போன கடிதம் மதுரையில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கூடியவர்கள் முன் வாசிக்கப்பட்டது. கேட்டவர்கள் அழுதார்கள். தலைப்பாகைகளைக் கழற்றிக் குதிரைகளின் கழுத்தில் கட்டினார்கள். சாகத் துணிந்துவிட்டோம் என்பதற்கு அது அடையாளம். அந்தப் படை கண்ணனூரை எட்டியபோது நல்ல உச்சி வெயில். தவணை நம்பிக்கையில் வல்லாளன் படை உண்டு உறங்கிக்கொண்டிருந்தது, குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. வந்தவர்களைக் குதிரைத் திருடர்கள் என்று நினைத்து, அணிவகுக்காமல் ஆளுக்கொரு பக்கமாக எதிர்கொண்டார்கள். கிழவன் வல்லாளன் குதிரையேற முயன்றபோது சுல்தானின் சகோதரன் மகன் நாசிருத்தீன் ஓங்கிய வாளோடு நெருங்கினான். இவர்தான் ராஜா என்று பக்கத்திலிருந்த அடிமை சொல்லவும் வாள் நின்றது.

அங்கேயே வெட்டியிருந்தால் அது போர்க்களச் சாவு. தகடூரில் சேரனோடு பொருது விழுந்த அதியமானுக்குக் கிடைத்த சாவு அது. வல்லாளனுக்கு அது வாய்க்கவில்லை. மரியாதையாக நடத்துவதுபோல் நடத்தினார்கள், விடுவிப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். பொன், யானை, குதிரை அத்தனையும் வந்து சேர்ந்தன. பிறகு கொன்றார்கள். தோலை உரித்து, வைக்கோல் திணித்து, மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டார்கள். ஆண்டு 1342.

இவ்வளவையும் எழுதிவைத்தவர் மொராக்கோ பயணி இப்னு பதூதா. அவர் எதிர்த்தரப்பு ஆள் அல்ல, கியாசுத்தீனுக்குச் சகலை. அஹ்சன் ஷாவின் இரு மகள்களை இருவரும் மணந்திருந்தார்கள். மதிலில் அந்தத் தோலைக் கண்ணால் கண்டதாகவே சொல்கிறார். கைதிகளின் பெண்டு பிள்ளைகளைக்கூடக் கொன்ற சகலையின் கொடுமை அவருக்கே பொறுக்கவில்லை. அதற்காகத்தான் இறைவன் அவன் முடிவைச் சீக்கிரமாக்கினான் என்று எழுதுகிறார். வெற்றி பெற்றவன் வீட்டு விருந்தாளியே இப்படி எழுதியிருப்பதால் இந்தச் சாட்சியத்தை எளிதில் தள்ள முடியாது.

எபிரேய வேதத்திலும் உச்சி வெயிலில் முடிந்த மன்னன் ஒருவன் உண்டு. சவுலின் மகன் இஸ்போசேத் நண்பகலில் படுத்திருந்தபோது அவன் படைத்தலைவர்கள் ரேகாபும் பானாவும், கோதுமை எடுக்க வந்தவர்கள்போல் வீட்டுக்குள் நுழைந்து குத்திக் கொன்றார்கள். தலையை வெட்டி, இரவெல்லாம் நடந்து, எப்ரோனில் தாவீதிடம் பரிசுக்கு நீட்டினார்கள். எதிரியின் வாரிசுதான் செத்திருந்தான், ஆனாலும் தாவீது மகிழவில்லை. படுக்கையில் கிடந்தவனைக் கொன்ற பாதகத்துக்காக இருவரையும் கொல்லச் சொன்னான். தலையை, சவுலின் படைத்தலைவனாக இருந்த அப்னேரின் கல்லறையில் அடக்கம் செய்தான்.

சவுலின் உடலையே பெலிஸ்தர் பெத்சான் மதிலில் தொங்கவிட்டிருந்தார்கள். யாபேஸ் கீலேயாத் ஊரார் இராமுழுதும் நடந்து வந்து அதை இறக்கி, எலும்புகளைப் புதைத்து, 7 நாள் உபவாசம் இருந்தார்கள். முன்பு தங்கள் ஊரைக் காப்பாற்றியவனுக்கு அவர்கள் செய்த கைம்மாறு அது. மதுரை மதிலிலிருந்து வல்லாளனை இறக்கியவர் யாரென்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. மாடு மீட்டுச் செத்தவனுக்கெல்லாம் மறக்காமல் நடுகல் நட்ட வட்டாரம் இது.

கியாசுத்தீன் இரண்டொரு ஆண்டில் போய்ச் சேர்ந்தார். மதுரையில் பரவிய கொள்ளைநோய் முதலில் அவர் குடும்பத்தைக் கொண்டுபோயிருந்தது. வல்லாளன் மகன் விருபாட்சனின் ஆட்சியும் நீடிக்கவில்லை. 1346க்குள் ஹொய்சள நாடு விசயநகரத்துக்குப் போனது. மதுரைக்குக் கணக்குத் தீர்க்கக் கிளம்பிய விசயநகர இளவரசன் குமார கம்பணன் இருந்தது கிருஷ்ணகிரிக்கு வடக்கே முள்பாகலில். அங்கிருந்து இறங்கி, முதலில் வட தமிழகத்தை ஆண்ட சம்புவராயரை அடக்கி, 1371 வாக்கில் மதுரையைப் பிடித்தான். அந்தப் போரை அவன் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்று சமஸ்கிருதத்தில் காவியமாக எழுதினாள்.